லொஃப்டுக்குள் சாமி

நவம்பர் பிறந்ததிலிருந்து கௌசி வீட்டுப் பொயிலருக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். அணைந்ததைத் திரும்ப மூட்டினால் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மஞ்சளாய் எரியும். வீடு வாங்கும்போதே கிழடாயிருந்த பொயிலர் அது. மேல்மாடியில் குளியலறைக்குப் பக்கத்து அலுமாரிக்குள் குந்திக்கொண்டிருந்தது. துவாய் காயப்போட நல்ல இடம் என்பதைத் தவிர அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை.

வேறு வீடென்றால் இது பெரிய விஷயமே இல்லை. லண்டன் எட்மண்டனில் பிளம்பருக்கா பஞ்சம்? கூப்பிட்டால் வருவான், பழையதைக் கழற்றுவான், புதியதைப் பூட்டுவான், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவான். ஆனால் கௌசியின் வீட்டுக்குள் வெளியாள் எவரும் கால் வைக்கக் கூடாது. அந்த வீட்டில் அவளுடைய தம்பி பிரியந்தன் இருந்தான். இருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்தான்.

பிரியந்தனின் அகதி வழக்குத் தோற்றுப் போயிருந்தது. அப்பீலும் தோற்றது. மே மாதம் ஊரில் சண்டை முடிந்த பிறகு, இனிப் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று அவனிடம் யாரோ சொன்னார்கள். யாரோ என்ன யாரோ, கண்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்கு அடுத்தவனைப் பயப்படுத்துவதில் ஒரு தனிச் சந்தோஷம். அவன் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குக் கையெழுத்து வைக்கப் போவதை நிறுத்தினான். இருந்த அறையைக் கைவிட்டு, ஒரு பையோடு அக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். அக்கா கேள்வி கேட்காமல் கதவைத் திறந்தாள். அன்றிலிருந்து அந்தக் கதவை நிம்மதியாகத் திறந்ததில்லை.

வீட்டுக்கு ஒரே சட்டம்தான். பெல் அடித்தால் பிரியந்தன் லொஃப்டுக்குள் போய்விட வேண்டும். மேல்மாடிச் சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் அந்த இருட்டு இடத்தில்தான் எல்லா வீட்டிலும் சூட்கேஸ்களும் பெரிய கிடாரங்களும் தூங்கும். கௌசியின் புருஷன் புவனேந்திரன் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்கிறவன். சுவரில் ஓர் ஆணி ஒழுங்காக அடித்து அறியாதவன். ஆனாலும் மச்சானுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க லொஃப்டுக்குள் தவழ்ந்தான். பலகை போட்டான், குறுக்கே நின்றதையெல்லாம் ஒரு பக்கம் தள்ளினான், சூட்கேஸ்களை மதில் மாதிரி அடுக்கினான். கூரை இடுக்கால் வந்த குளிருக்குப் பழைய போர்வைகளைத் திணித்து அடைத்தான். ஓர் ஆள் கால் மடக்கிப் படுக்க இடம் வந்தது. அந்த மனிதன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த தச்சுவேலை அதுதான் என்று கௌசி பெருமைகூடப் பட்டாள்.

இப்போது பொயிலர் மாற்ற வேண்டும். யாரைக் கூப்பிடுவது?

"பெனடிக்ற் அண்ணையைக் கூப்பிடுவம்," என்றான் புவனேந்திரன். "எங்கடை ஆள். ஜேர்மனியிலை கனகாலம் உந்த வேலைதான் செய்தவர். இஞ்சத்தைக் கேஸ் வேலைக் கார்ட் இல்லையே தவிர, கை சுத்தம்."

"கை சுத்தம், சரி. வாய்?" என்று கேட்டாள் கௌசி.

பெனடிக்ற் வேதக்காரர், ஆனாலும் வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயில் வாசலில் நிற்பார், ஞாயிற்றுக்கிழமை சேர்ச் வாசலில் நிற்பார். இரண்டு வாசலிலும் அவர் சொல்லும் செய்தி ஒன்றுதான்: எந்த வீட்டுச் சிங்க் அடைத்தது, அந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் இடையில் பேச்சுவார்த்தை இல்லை, எந்தப் பெட்டையின் அறையில் எந்தப் பெடியனின் ஜாக்கெட் தொங்கியது.

"அவர் வந்து ஒரு ஸ்குரூவைக் கழட்டமுன்னம் தம்பியின்ரை செருப்பைக் காணுவார். பின்னேரம் லண்டன் முழுக்கத் தெரியும்," என்றாள் கௌசி.

"அப்ப ஆரை?"

"வெள்ளைக்காரன் ஒருத்தனை."

"உமக்கென்ன விசரே? அவங்கள் கழுத்திலை கார்ட் போட்டுக்கொண்டு வருவாங்கள். உம்மடை தம்பி கார்டைக் கண்டாலே செத்துப்போவான்."

அது உண்மைதான். மீற்றர் பார்க்க வருகிறவன், கேபிள் ரீவி விற்க வருகிறவன், கழுத்தில் நாடா தொங்கினால் போதும், பிரியந்தனுக்கு அவன் பிடிக்க வந்த ஹோம் ஒஃபீஸ் ஆள். அந்த வருசம் ஏப்ரலில் கேஸ் வேலைக்காரருக்குப் புதுக் கார்ட் வேறு வந்திருந்தது, மஞ்சள் முக்கோணமும் படமுமாக. ஆனால் கௌசி வேறு கணக்குப் போட்டாள்.

"வெள்ளைக்காரனுக்கு இஞ்சை ஆரைத் தெரியும்? ஆரிட்டைப் போய்ச் சொல்லப் போறான்? ரண்டு செருப்புக் கிடந்தா என்ன, ஆறு கிடந்தா என்ன, அவனுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்தான்."

மற்றவர்கள் விலை பார்ப்பார்கள், உத்தரவாதம் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பார்கள். கௌசி தமிழ் விளங்காத, தமிழன் ஒருவனையும் தெரியாத ஆளாகத் தேடினாள். கதவுக்குள் வந்து விழுந்த விளம்பரத் துண்டுகளில் பார்க்கவே ஆங்கிலத்தனமான ஒரு பெயருக்குப் போன் அடித்தாள். கொலின் என்று ஒருவர் செவ்வாய்க்கிழமை எட்டுக்கும் ஒரு மணிக்கும் இடையில் வந்து பார்த்து விலை சொல்வார் என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொன்னது.

பிரியந்தன் அன்றைக்குக் காலையிலேயே ஆர்ச்வே கோயிலுக்குப் போய்விட வேண்டும், பின்னேரம்தான் திரும்ப வேண்டும் என்று முடிவானது. கோயிலுக்குள் யாரும் கார்ட் கேட்க மாட்டார்கள். ஆனால் கோயிலுக்குப் போக பஸ்ஸில் போக வேண்டும், பிறகு ட்ரெயினில் போக வேண்டும், ஸ்ரேசனில் சீருடை போட்ட ஆட்கள் நிற்பார்கள். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் புவனேந்திரன் வேலைக்குப் போய்விட்டான். பிரியந்தன் பல் தீட்டுகிறேன் என்று நின்றான், சப்பாத்தைத் தேடினான், திரும்பவும் பல் தீட்டினான்.

"லொஃப்டுக்குள்ளையே இருக்கிறன் அக்கா. அங்கை ஒண்டுமில்லை, தலையிடிதான் கொஞ்சம் வரும்."

"சாப்பிடாமக் கிடந்தா தலை இடிக்காமல் என்ன செய்யும்? வெளிக்கிடு, வெளிக்கிடு!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, பெல் அடித்தது. எட்டுக்கும் ஒரு மணிக்கும் இடையில் என்றால் ஒரு மணிக்குத்தான் வருவார்கள் என்று லண்டனில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இந்த மனிதன் எட்டு மணிக்கே வந்து நிற்கிறான்! பிரியந்தன் மாடிக் கைபிடியில் கால் வைத்து எம்பி, சீலிங்கில் இருந்த மூடியைத் தள்ளி உள்ளே போனான். மூடி மேலிருந்து சரியாகப் பொருந்தியது. கௌசி கைபிடியில் இருந்த காலடையாளத்தைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுக் கீழே ஓடினாள்.

கொலின் அறுபதை நெருங்கிய பருத்த மனிதர். முழங்கால் வருத்தம், ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். கழுத்தில் கார்ட் தொங்கியது. அதை அவரே தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினார். "எப்போதும் கேட்டுப் பாருங்கள், காட்டாதவனை உள்ளே விடாதீர்கள்," என்றார். கௌசி சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை.

அலுமாரியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தவர் உச்சுக்கொட்டினார். இந்த மொடலை அவர் இளம் வயதில் பூட்டியிருக்கிறாராம். இதற்குச் சாமான் எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். புதியதை எங்கே வைக்கலாம், குழாயை எந்த வழியாகக் கொண்டுபோகலாம் என்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திச் சீலிங் மூடியைப் பார்த்தார்.

"மேலே ஒருக்கால் ஏறிப் பார்க்க வேண்டும். ஏணியை எடுத்து வருகிறேன்."

இதைக் கௌசி யோசிக்கவே இல்லை. பொயிலர் பார்க்க வருகிறவன் பொயிலரைப் பார்ப்பான் என்று மட்டும்தான் யோசித்திருந்தாள். ஏணி உடைந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஏணி அவருடையது. மூடி இறுகிவிட்டது என்றால் அவர் கையால் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"மேலே சாமி இருக்கிறது."

"என்ன?"

"எங்கள் கடவுள். லொஃப்டுக்குள் வைத்திருக்கிறோம். சப்பாத்தோடு ஏற முடியாது. குளிக்காமல் ஏற முடியாது. வெளியாட்கள் ஏறவே கூடாது."

உலகத்தில் எந்தச் சைவக்காரி கிடாரத்துக்கும் சூட்கேசுக்கும் நடுவில் சாமியை வைப்பாள்? பெனடிக்ற் அண்ணையிடம் இதைச் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் கொலினின் முகம் மாறிப்போனது. அவர் ஓர் அடி பின்னால் வைத்து, இரண்டு கையையும் உயர்த்தினார்.

"மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரியாது. ஒரு பிரச்சினையும் இல்லை, கீழே இருந்தே பார்க்கலாம். பொயிலரை முழு வேகத்தில் ஓடவிட்டு, புகை எப்படிப் போகிறதென்று பார்த்தால் சரி."

கௌசிக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. தன் கெட்டித்தனத்தை நினைத்து ஒரு கணம் உள்ளூரக் குளிர்ந்தும் போனாள். கொலின் வீட்டிலுள்ள ஹீற்றர் எல்லாவற்றையும் திறந்தார், சூட்டைக் கூட்டினார். பொயிலர் 'டப்' என்றது, பிறகு உறுமத் தொடங்கியது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோடோ பேசுகிறவள் மாதிரி மாடி நடையில் நின்று உரக்கச் சொன்னாள்:

"ஓம் மாமி, சொல்லுங்கோ. மேலை இருக்கிறவருக்குச் சொல்லுங்கோ, அசைய வேண்டாமாம். ஆள் பொயிலரை மட்டும்தான் பாக்குது. மேலை ஏற மாட்டான். தும்மல் வந்தாலும் போர்வையைக் கடிச்சுக்கொண்டு கிடக்கட்டாம்."

சீலிங்கில் மெதுவாக ஒரு தட்டுக் கேட்டது. கௌசி உடனே இருமினாள். கொலின் திரும்பிப் பார்க்கவில்லை.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். பிஸ்கற் வைத்தாள். கொலின் குந்தியிருந்து பொயிலரின் சுவாலையைப் பார்த்தார். மஞ்சள் நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. சுவாலை நீலமாக எரிய வேண்டும், மஞ்சளாக எரிந்தால் காற்றுப் போதாது, கெட்ட வாயு வரும் என்று சொன்னார். இவ்வளவு கெட்ட வாயு வந்தால் இங்கே இந்த அலுமாரிக்குள் கொஞ்சமாவது காட்ட வேண்டும், ஆனால் கையிலுள்ள வாயு மீற்றர் சும்மா இருக்கிறதே என்று தலையைச் சொறிந்தார். பிறகு எழும்பி, முனகி முனகிப் படியிறங்கி, கோப்பையோடு தெருவுக்குப் போனார்.

கௌசி யன்னலால் பார்த்தாள். அவர் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகக் குளிர்ந்த காலை. பக்கத்து வீடுகளின் கூரையில் பொயிலர் ஆவி வெள்ளை வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் பார்த்தார், பார்த்தார், பிறகு கோப்பையை மதிலில் வைத்துவிட்டு ஓடிவந்தார். அந்த முழங்காலோடு அவர் ஓடியதைக் கண்டதும் கௌசி யன்னலை விட்டு ஓடினாள்.

கொலின் படியேறி வந்து முதலில் பொயிலரை அணைத்தார். பிறகு கேஸ் குழாயைத் திருகி மூடினார். மேல்மாடி யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"உங்கள் புகைக்குழாய் இந்த அலுமாரியிலிருந்து லொஃப்டுக்குள் போய், அதற்கு மேலே கூரையால் வெளியே போக வேண்டும். கூரையில் ஒன்றும் வரவில்லை. குழாய் லொஃப்டுக்குள் கழன்று கிடக்கிறது. யாராவது சாமான் அடுக்கும்போது தள்ளியிருக்க வேண்டும். இவ்வளவு நேரமும் நான் மூட்டியதெல்லாம் அந்த லொஃப்டுக்குள்தான் போயிருக்கிறது."

கௌசி ஊரில் ஓயெல் பரீட்சைக்கு இரசாயனம் படித்தவள். காபனோரொட்சைட்டு, அந்தக் கெட்ட வாயு. நிறமில்லை, மணமில்லை. பரீட்சைக்குப் பாடமாக்கிய அந்த இரண்டு சொல்லும் இப்போது மண்டைக்குள் வந்து நின்றன.

கொலின் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "நல்ல காலம்," என்றார். "மேலே கடவுள் மட்டும்தான் இருக்கிறார். மனிதன் இருந்திருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான்."

அவள் வாயைத் திறந்தாள். திரும்ப மூடினாள். கேஸை மூடிவிட்டார், இனி வராது. இந்த மனிதன் போனதும் மூடியைத் திறந்து தம்பியை இறக்கிவிடலாம்.

"நீங்கள் எப்போது போவீர்கள்?" என்று கேட்டாள்.

"இப்போதைக்குப் போக மாட்டேன். இதை நான் ரிப்போர்ட் பண்ண வேண்டும். எல்லாம் பாதுகாப்பு என்று தெரிந்த பிறகுதான் போவேன்."

ரிப்போர்ட் என்ற சொல் கேட்டதும் அவள் சீலிங்கை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கையும் தானாகவே நெஞ்சுக்கு நேரே கூடிவிட்டன.

"தம்பி," என்றாள். "ஒருக்காத் தட்டு ராசா. சத்தம் வந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒருக்காத் தட்டு."

கொலின் அவள் கும்பிடுகிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

மேலே சத்தமில்லை. அவள் திரும்பவும் கூப்பிட்டாள். பலகை கிரீச்சிடும், போர்வை உரசும், ஏதாவது கேட்கும் என்று காத்து நின்றாள். அந்த வீட்டில் அவள் கேட்கப் பயந்த சத்தம் எல்லாவற்றையும் இப்போது கேட்க ஆசைப்பட்டாள். பிரியந்தன் மூன்று வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோதுகூட இப்படித்தான், அழாமல் கிடந்துதான் எல்லாரையும் பயமுறுத்தினான்.

"மேலே சாமி இல்லை," என்றாள் கௌசி. "என் தம்பி இருக்கிறான்."

கொலின் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஏணி எடுக்கப் போகவும் இல்லை. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, மூடியைத் தோளால் இடித்துத் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சப்பாத்துக் காலோடு உள்ளே தவழ்ந்து போனார். சூட்கேஸ்கள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு கால் வெளியே தெரிந்தன, தம்பியின் கால்கள். ஒன்றில் மட்டும் சப்பாத்து இருந்தது. கௌசி அந்தக் கால்களை இறுக்கிப் பிடித்தாள். மேலிருந்து அவர் விட, கீழிருந்து இவள் தாங்க, பிரியந்தன் அவளுக்கு மேலேயே வந்து விழுந்தான்.

இருவருமாக அவனைத் திறந்த யன்னலடிக்கு இழுத்தார்கள். முகம் சிவந்து கிடந்தது. வாயோரம் போர்வை நூல் ஒட்டியிருந்தது. சொன்னபடி கடித்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறான். கௌசி அதைக் கண்டதும் குழறி அழுதாள். அவன் கன்னத்தில் அடித்தாள். "எழும்படா. எழும்படா நாயே. ராசா, எழும்படா." குளிர்காற்று முகத்தில் அடிக்க அவன் ஒரு தரம் இழுத்து மூச்சு விட்டான். பிறகு குடலைப் புரட்டி அவளுடைய மடியிலேயே சத்தி எடுத்தான்.

கொலின் ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்துவிட்டிருந்தார். "பெயர் கேட்கிறார்கள்," என்று போனை அவளிடம் நீட்டினார்.

பிரியந்தன் கண்ணைத் திறந்தான். அவனுக்குப் போன் தெரிந்தது, கொலினின் கழுத்தில் ஆடிய கார்ட் தெரிந்தது. கௌசியின் மணிக்கட்டைப் பிடித்தான். "ஆஸ்பத்திரி வேண்டாம் அக்கா. நான் நடப்பன்." எழும்பப் பார்த்தான், முழங்கால் மடிந்தது. "அப்பிடியெண்டா அத்தான்ரை பேரைச் சொல்லு. அத்தான்ரை பேரைச் சொல்லக்கா."

நல்ல யோசனைதான். அத்தானுக்கு டொக்டர் இருக்கிறார், பாஸ்போர்ட் இருக்கிறது, எல்லாம் சுத்தம். கௌசி போனை வாங்கினாள். "புவ..." என்று தொடங்கியும்விட்டாள். புவனேந்திரனுக்குச் சீனி வருத்தம். ஆஸ்பத்திரிக் கொம்பியூட்டரில் அந்தப் பெயரைத் தட்டினால் அந்த வருத்தம்தான் வரும். வாய் பேசாமல் கிடக்கிறவனுக்கு அந்த ஊசியைப் போட்டால்? போகிற வழியில் இவன் கண்ணை மூடினால், செத்தது புவனேந்திரன் என்றல்லவா எழுதுவார்கள்? தம்பி என்று ஒருவன் இந்த நாட்டில் இருந்ததும் இல்லை, செத்ததும் இல்லை என்று ஆகிவிடும். குரோய்டனுக்குப் பயந்த பயம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

போனில் அந்தப் பெண் பொறுமையாகத் திரும்பக் கேட்டாள். கௌசி தம்பியின் முழுப் பெயரையும் சொன்னாள். விளங்கவில்லை என்றதும் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பிறந்த திகதி சொன்னாள். எங்கே இருக்கிறவர் என்று கேட்டதற்கு, "இங்கேதான், என்னோடுதான் இருக்கிறான்," என்றாள்.

பிரியந்தன் அவளுடைய மணிக்கட்டை விட்டான். அவள் அவன் கையைத் தேடிப் பிடித்தாள். அவன் பலமில்லாமல் இழுத்துக்கொண்டான்.

தெருமுனையில் சைரன் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் மாடிக்குப் பாய்கிற பெடியன், இப்போது எழும்ப முடியாமல் சுவரோடு ஒட்டிக் கிடந்து அக்காவையே பார்த்தான். பெல் அடிக்கும்போதெல்லாம் கதவைப் பார்க்கிற அதே பார்வைதான். கௌசி அவனுடைய வெறுங்காலிலும் மற்றச் சப்பாத்தைப் போட்டுவிட்டு, கதவைத் திறக்கக் கீழே போனாள்.